அடுத்த காய்ச்சலை முன்னறிந்தவருக்கு

ஸ்ஃபாக்ஸ் நகரத்து மருத்துவமனை, குருதிப் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து பணிநிறைவு பெறும் மருத்துவர் நெஜியா பென் ரம்தான் அவர்களுக்கு உடனுழைத்தோர் உளமுவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கெர்கெனாத் தீவு எங்களுக்குக் கொடுத்த கொடையே! அலைகடல் அருகிருந்து வளர்ந்த அறிவே! வெள்ளணு வீழ்ந்த உடல்களுக்கு வேலியாய் நின்ற வீரமே! வெப்பம் ஏறுமுன்னே அதன் வரவை உணர்ந்த விழிப்பே! கண்டிப்பிலே கருணையையும் கருணையிலே கண்டிப்பையும் கலந்து தந்த, 'லெல்லா' என்று நாங்கள் மதிப்போடு அழைக்கும் எங்கள் நெஜியா அவர்களே! உங்கள் மீது சாந்தி உண்டாவதாக.

பாராட்டப்படுகிறவரின் முகம் பார்த்துப் பேசுவதே இத்தகைய மடலின் மரபு. ஆனால் உங்கள் முகம் பார்த்துப் பேசினால், மூன்றாவது வரியிலேயே "போதும் போதும், வார்டுல யாரு இருக்கா?" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்களைச் சற்றுநேரம் இல்லாதவராக எண்ணிக்கொண்டு, அவையைப் பார்த்து உங்கள் கதையைச் சொல்கிறோம். சொல்லில் பிழையிருந்தால் பொறுத்தருளுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

அவையோரே! ஆழமில்லாத கடலில் மண்சாடிகளை இறக்கிவைத்து, இருட்டுப் பொந்தென்று நம்பி நுழையும் சாக்குக்கணவாயைப் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் லெல்லா நெஜியா. படகேறிப் பள்ளிக்குப் போனவர், கப்பலேறி மருத்துவம் படிக்கப் போனவர், படித்து முடித்து எங்கள் பிரிவுக்கு வந்தபோது கையில் ஒரே ஒரு பெட்டி வைத்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அன்று இந்தப் பிரிவு எப்படி இருந்தது என்பதை இளையவர்கள் அறியமாட்டார்கள். அறிந்த எங்களுக்கோ நினைக்கவே நெஞ்சு நடுங்கும்.

புற்றணுவைக் கொல்லக் கொடுக்கும் கீமோ மருந்து, கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களையும் கூடவே வாரிக்கொண்டு போய்விடும். காவலாளி இல்லாத வீடாய் உடல் கிடக்கும். முதல் காய்ச்சல் வரும், மருந்து ஏற்றுவோம், இறங்கும். உறவினர் "அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்" என்று பெருமூச்சு விடுவர். அந்த மூச்சு அடங்குவதற்குள் இரண்டாம் தொற்று வரும். ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான். முதலாவதைப் பார்த்து அலறிய நாங்கள், இரண்டாவது வரும் வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தோம்.

லெல்லா நெஜியா அந்த வழியைத் தேடினார். வெள்ளணு எவ்வளவு தாழ்ந்தது, எத்தனை காலம் தாழ்ந்தே கிடக்கும், வாயில் புண் உண்டா, வயிறு போகிறதா, கழுத்து நரம்பில் குழாய் இருக்கிறதா, முதல் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து எவ்வளவு வலியது, வயது என்ன, வேறு நோய் என்ன என்று நாள்தோறும் ஒவ்வொருவர் படுக்கையருகிலும் நின்று கேட்டார். ஒவ்வொரு விடைக்கும் ஓர் எடை கொடுத்தார். எடைகளைக் கூட்டினால், அடுத்த காய்ச்சல் யாரைத் தேடி வரும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. கூட்டுத்தொகை மிகுந்தவரைத் தனியறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். பார்வையாளர் இல்லை; பழம் இல்லை; பூங்கொத்து இல்லை. எங்கள் பிரிவிலிருந்து போகும் சவப்பெட்டிகள் குறைந்தன. கணிப்புக் கலை கைவந்த அந்தக் கைகளை நாங்கள் வியந்து நின்றோம்.

ஆனால் நோயாளிகளின் வீட்டார் வியக்கவில்லை, வெறுத்தார்கள். அவர் எவர் படுக்கையருகே அதிகநேரம் நிற்கிறாரோ, அவருக்குக் கதவு சாத்தப்படும் என்று ஊரறிந்த செய்தியாகிவிட்டது. நடைவழியில் காத்திருக்கும் பெண்கள் அவரைக் கண்டதும் குரல் தாழ்த்துவார்கள்.

"வந்துட்டா பாரு ஆந்தை."

"இன்னிக்கு எந்த வாசல்ல உக்காரப் போவுதோ!"

"நம்ம வாசலைத் தாண்டிப் போயிடணும், யா ரப்பி."

அவர் காதில் விழாதென்று எண்ணியா சொன்னார்கள்? விழட்டும் என்றே சொன்னார்கள். அவரும் கேட்டுக்கொண்டே நடப்பார், காலடி ஓசை மாறாமல்.

கண்டவுடன் இரு கன்னங்களிலும் முத்தமிடுவது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தையும் அவர் விட்டுவிட்டார். தடுமலோ இருமலோ யாரிடமிருந்து தம்மேல் ஏறி, தம்மிலிருந்து எந்த நோயாளிக்கு இறங்குமோ என்ற அச்சம். யார் கைநீட்டினாலும் வலக்கையை மார்பில் வைத்துத் தலையசைப்பார். உடன்பிறந்தவள் பிள்ளைகள் "பெரியம்மாவுக்கு நம்மளப் புடிக்காது" என்றே நம்பி வளர்ந்தார்கள். தங்கை மகள் திருமணத்துக்குத் தீவுக்குப் போனவர், மண்டப வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த கப்பலுக்கே திரும்பினார். மணப்பெண் வாசல்வரை ஓடி வந்தாளாம். "உள்ள வாங்க பெரியம்மா, ஒரு நிமிஷம்" என்றாளாம். இவர் மார்பில் கைவைத்தாராம். இதையெல்லாம் அவர் எங்களிடம் சொன்னவரல்லர். தலைமைச் செவிலி ஹல்லூமா ஒருவரிடம் மட்டும் மனம் திறப்பார். இந்த மடலில் அவர் மனத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஹல்லூமா வாய்மொழியாக நாங்கள் அறிந்ததே.

அந்த நாட்களில்தான் ஸி தாயெப், அதாவது தாயெப் ஐயா, வந்து சேர்ந்தார். ஸ்ஃபாக்ஸுக்கும் கஃப்ஸாவுக்கும் இடையே லுவாஜ் ஓட்டுபவர். எட்டுப் பேர் ஏறி நிறைந்தாலன்றிக் கிளம்பாத பங்குவண்டியிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், வாய் ஓயாதவர். ரத்தப் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட, "வண்டி ரிப்பேர்னு சொல்லுங்க டாக்டரம்மா, இறங்கி நடந்து போன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று சிரித்தவர். கீமோ முடிந்து வெள்ளணு வீழ்ந்தது. முதல் காய்ச்சல் வந்து போனது. லெல்லா நெஜியா எடைகளைக் கூட்டினார். தொகை மிகுந்தே வந்தது. கதவைச் சாத்தினார்.

நோன்புப் பெருநாள் நெருங்கியது. ஸி தாயெப் கெஞ்சத் தொடங்கினார்.

"ஒரு மணி நேரம் போதும் டாக்டரம்மா. புள்ளைங்க மூணு பேரையும் சோப்புப் போட்டுத் தேய்ச்சு, மூக்கைச் சிந்தவச்சுக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

"முடியாது ஸி தாயெப்."

"சின்னவளுக்கு இன்னும் பல்லே முழுசா மொளைக்கல. கடிச்சாக்கூட வலிக்காது."

லெல்லா நெஜியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "உங்க வாயெல்லாம் புண்ணு. வெள்ளணு தரையில கெடக்கு. கழுத்துல குழாய். இப்ப ஒரு குழந்தை தும்மினா, அது உங்களுக்கு வெறும் தும்மல் இல்ல."

"எட்டுப் பேரை அடைச்சுக்கிட்டு ஓட்டினவன் நான். யாரும் தும்மாம ஒரு நடை போனதில்ல. தனியா ஓட்டித்தான் எனக்குப் பழக்கமில்ல."

"கொஞ்ச தூரந்தான். அப்புறம் எல்லாரும் ஏறிக்குவாங்க."

சொன்னது அவ்வளவுதான். ஆனால் சொன்னவர் நெஞ்சில் அந்தச் சொல் முள்ளாய்த் தைத்துக்கொள்ளும் என்று அன்று யார் கண்டார்!

பெருநாளன்று அவர் மனைவி மப்ரூக்கா, உப்புக்கண்டமிட்ட மீனும், வெங்காயமும் உலர்திராட்சையும் சேர்த்துக் காய்ச்சிய குழம்புமாக வந்து, சாத்திய கதவருகிலிருந்தே திரும்பினார். பிள்ளைகள் புத்தாடை உடுத்திக் கீழே வண்டிகள் நிற்கும் முற்றத்தில் நின்றார்கள். மேலே சன்னல் கண்ணாடியில் இரு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு ஸி தாயெப் கத்தினார்: "டேய் பெரியவனே, ஷூ கயிறைக் கட்டுடா, விழுந்துடுவே!" திறக்க முடியாத சன்னல் அது. பையனுக்குக் கேட்கவில்லை. அப்பா பாடுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, அவனும் கைகளை ஆட்டிக் குதித்தான். கயிறு அவிழ்ந்தபடியே இருந்தது. கதவுக்கு வெளியே நடைவழியில் லெல்லா நெஜியா இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று அவர் ஒன்றும் உண்ணவில்லை என்கிறார் ஹல்லூமா.

இரண்டாம் காய்ச்சல் வரவேயில்லை. வெள்ளணுக்கள் மெல்லத் தலைதூக்கின. மறுநாள் கதவைத் திறக்கலாம் என்று அவர் உத்தரவு எழுதினார். விடிந்ததும் ஸி தாயெப் தலை வலிக்கிறது என்றார், பேச்சுக் குழறியது, உச்சி வேளைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளணு ஏறியிருந்தது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஏறவில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. கிருமிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மப்ரூக்கா அழவில்லை. லெல்லா நெஜியாவின் எதிரே வந்து நின்றார்.

"அவருக்குக் கிருமி வந்துச்சா?"

"இல்லம்மா."

"நீங்க கதவைச் சாத்தினதால வரலையா? இல்ல, சாத்தாம விட்டிருந்தாலும் வந்திருக்காதா?"

லெல்லா நெஜியா "தெரியாதும்மா" என்றார்.

"தெரியாமதான் சாத்தினீங்களா?"

வருமுன் காப்பவருக்கு வாய்த்த சாபம் அதுதான் அவையோரே! வராமல் போனது காத்ததாலா, வரவே வராததாலா என்று எந்தக் கணிப்பாலும் சொல்ல முடியாது. வெள்ளத்தில் மூழ்கியவரைக் கரையேற்றினால் கண்டவர் வாழ்த்துவர். வெள்ளம் வருமென்று வீட்டைக் காலி செய்யச் சொல்லி, வெள்ளம் வராது போனால்? வீட்டை விட்டு வந்தவர் முகத்தில் விழிப்பதெப்படி?

காலியான அந்த அறையில், விரிப்பு எடுத்த கட்டிலின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். ஹல்லூமா வந்து, "லெல்லா, அடுத்த ஆள் வராங்க, இடத்தைத் துடைக்கணும்" என்றார்.

"ஹல்லூமா, யாருக்கு வரும், யாருக்கு வரும்னு இத்தனை வருஷம் கேட்டேன். யாருக்கு வராதுன்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

"கேக்காட்டி என்ன லெல்லா? எத்தனை பேர் பொழைச்சாங்க!"

"பொழைச்சவங்கள்ல எத்தனை பேரைச் சும்மா அடைச்சு வச்சேன்?"

வேறொருவராயிருந்தால் வேலையை விட்டிருப்பார். அல்லது மனத்தைக் கல்லாக்கிக்கொண்டிருப்பார். இவர் கேள்வியைத் திருப்பிப்போட்டார். முன்பு வந்துபோன நோயாளிகளின் விவரங்களையெல்லாம் மறுபடி எடுத்து, அஞ்சிய தொற்று அண்டாமலே போனவர்களிடம் பொதுவாய் என்ன இருந்தது என்று தேடினார். எந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் கதவைத் திறக்கலாம், எவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கே அனுப்பலாம் என்று கோடு கிழிக்கப் பார்த்தார். கிழித்தார், அழித்தார், மறுபடி கிழித்தார். ஆண்டுகள் ஓடின. ஊர் உறங்கும் கோடை மதியங்களில் அவர் அறையில் மட்டும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

முடிவில் அன்றைய துறைத் தலைவர் பேராசிரியர் முந்தரிடம் போய் நின்றார். அவரும் நல்லவர்தாம், பொறுப்புக்கு அஞ்சுபவர்.

"திறந்துவிட்டு ஒருத்தர் செத்தா, பதில் சொல்றது யாரு நெஜியா?"

"நான் சொல்றேன் பேராசிரியரே. சாத்திவச்சு ஒருத்தர் தனியாச் செத்தா, பதில் சொல்றது யாரு?"

"அதுக்கு யாரும் நம்மளக் கேக்க மாட்டாங்க."

"என்னைக் கேட்டுட்டாங்க."

பேராசிரியர் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பாத்துச் செய்" என்றார்.

இடர் குறைந்தவர்களின் கதவுகள் திறந்தன. வீட்டார் கைகழுவி, முகமூடி அணிந்து உள்ளே வந்தார்கள். ஆனால் தொகை மிகுந்தவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. அந்த மூடிய அறைகளுக்குள் லெல்லா நெஜியாவே போய் உட்காரலானார். மருத்துவம் பார்க்க அல்ல, சும்மா உட்கார. விருந்துக்குப் போகாத, எவரையும் தழுவாத, கூட்டத்தில் நிற்காத அவரைவிடக் கிருமி அண்டாத விருந்தாளி அவர்களுக்கு யார் வாய்ப்பார்? தனித்திருப்போருக்குத் துணையாவதற்காகத் தாமும் தனித்திருந்தார். அதை அவர் தியாகம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும் ஹல்லூமாவிடம், "சாயங்காலம் வீட்டுக்குப் போனா, பேசறதுக்கு வாய் மறந்துபோயிருக்கு ஹல்லூமா. ரேடியோ கேக்கற கேள்விக்கு நானே பதில் சொல்லிட்டிருக்கேன்" என்றாராம். சொல்லிச் சிரித்தாராம். ஹல்லூமாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு ரப்ஹா வந்தார். ஒலிவத் தோப்புகளில் கூலிவேலை செய்தவர். நான்கு சொல் பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுபவர். ஒரே மகன் நௌஃபல். சரக்குக் கப்பலில் வேலை கிடைத்து, அந்த வாரக் கடைசியில் கிளம்புகிறான். ஓராண்டுக்குமேல் கரை திரும்பமாட்டான். தாய்க்கோ வெள்ளணு வீழ்ந்து கிடந்தது. முதல் காய்ச்சல் அப்போதுதான் தணிந்திருந்தது.

லெல்லா நெஜியா எடைகளைக் கூட்டினார். கதவுக்கு வெளியே அசையாமல் நின்றார்.

"லெல்லா, கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார் ஹல்லூமா.

"கோட்டு மேலயே நிக்கிறா. வாய்ப்புண் இப்பத்தான் ஆரம்பிக்குது. வயிறும் சரியில்ல."

"அப்ப சாத்திடலாமா?"

"அந்தப் பையனைக் கூப்பிடு."

நௌஃபலின் தொண்டையைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், மார்பில் குழல் வைத்துக் கேட்டார். இருமச் சொன்னார். முழங்கைவரை கழுவச் சொன்னார். "உங்கம்மாவுக்கு ஆபத்து இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா அவங்ககிட்டயே கேட்டேன். கதவைத் தொறங்கன்னாங்க" என்றார். ஒரு மணி நேரத்துக்குத் திறந்தார்.

அழுகை ஒலி வருமென்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். ரப்ஹா மகன் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். "இந்த நகத்தை வச்சுக்கிட்டா கப்பல்ல கயிறு இழுப்ப? வெக்கமா இல்ல?" என்றார். பிறகு அவன் தலையைக் குனியச் சொல்லி, தம் முகமூடியோடே அவன் உச்சிமுடியில் முகம் புதைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கதவருகே நின்ற லெல்லா நெஜியா வெளியே வந்து, ரப்ஹாவின் மருந்துச்சீட்டில் ஒரு வரி சேர்த்தார்: குடலிலிருந்து கிருமி இறங்க வாய்ப்பு மிகுதி, காய்ச்சல் தொட்டால் யாரையும் கேட்க வேண்டாம், இந்த மருந்தை உடனே ஏற்றுக.

நௌஃபல் கப்பலேறிய மறுநாள் காலை ரப்ஹாவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. பற்கள் கிட்டின. ரத்த அழுத்தம் சரிந்தது. ஹல்லூமா ஒருவரையும் கேட்காமல், எழுதியிருந்த மருந்தை ஏற்றினார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பேராசிரியர் முந்தர் நடைவழியிலேயே நின்று, எல்லாக் கதவுகளையும் சாத்த உத்தரவிட்டார். லெல்லா நெஜியாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த ஒரு மணி நேரத்துக்கு இது விலையா?"

அன்று உணவுக்கூடத்தில் லெல்லா நெஜியாவின் மேசை காலியாய்க் கிடந்தது. ரப்ஹாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் கையை, ஆண்டுக்கணக்கில் எவர் கையையும் பற்றாத தம் கையால், பிடித்துக்கொண்டிருந்தார். கப்பலுக்குச் செய்தி சொல்வதா வேண்டாமா என்று கேட்டதற்கு, "பொறுங்க. அவங்கம்மா அவனை உச்சி மோந்து அனுப்பியிருக்காங்க. அதைக் கொலைன்னு நாம சொல்லிடக் கூடாது. தெரிஞ்சப்புறம் சொல்லுவோம்" என்றார்.

ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வந்தது. பேராசிரியர் முந்தரே அதை வாங்கி வாசித்தார். ரத்தத்தில் வளர்ந்தது, ரப்ஹாவின் குடலிலேயே நெடுநாள் குடியிருந்த கிருமி. மருந்தால் புண்பட்ட குடற்சுவரைத் தாண்டி இறங்கியிருந்தது. மகன் கொண்டுவந்தது அல்ல. அவன் வராமலிருந்தாலும் அந்தக் காய்ச்சல் அதே காலையில் வந்திருக்கும். வருமென்று எழுதி, மருந்தையும் எழுதிவைத்திருந்ததால்தான் ரப்ஹாவின் மூச்சு நின்றுபோகவில்லை. நாங்கள் வாசலைக் காத்துக்கொண்டிருந்தோம். திருடன் வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனாயிருந்தான்!

"என் உத்தரவைக் கிழிச்சுடுங்க" என்றார் பேராசிரியர். "நெஜியா, நீ ஜெயிச்சுட்டே."

லெல்லா நெஜியா மகிழ்வார் என்று பார்த்தோம். அவர் ஸி தாயெப் இருந்த அறையின் கதவைப் பார்த்து நின்றார். ஹல்லூமா அருகே போனார்.

"என்ன லெல்லா? ரப்ஹா கண்ணு முழிச்சுட்டாங்க, காப்பி கேக்கறாங்க. இப்பப் போய்..."

"அப்ப தாயெப்போட புள்ளைங்க..." என்றார். முடிக்கவில்லை.

தெரியாது என்பதே இன்றும் உண்மை. குடற்கிருமிக்குக் குழந்தைகள் காரணமல்ல. குழந்தைகள் கொண்டுவரும் சளிக்காய்ச்சலும் வெள்ளணு இல்லாதவரைக் கொல்லும். இரண்டும் மெய். அன்று அந்தக் கதவு மூடியிருந்தது சரியா தவறா என்று இறைவன் ஒருவனே அறிவான். அந்தத் தெரியாமையைத் தோளில் சுமந்துகொண்டுதான் அதன்பின் ஒவ்வொரு கதவின் முன்னும் அவர் நின்றார். கணிப்பு என்பது அடைப்பதற்கான ஆணையன்று, கண்ணயராமல் காப்பதற்கான அழைப்பு என்று எங்களுக்குக் கற்பித்தார். யாரைத் தனித்து வைக்க வேண்டும், யாரைத் தழுவ விடலாம், யாருக்கு எந்த மருந்தைத் தயாராய் வைக்க வேண்டும் என்று மூன்றாய்ப் பிரித்தார். இன்று எங்கள் பிரிவில் மூடிய கதவுகளைவிடத் திறந்த கதவுகளே மிகுதி. ரப்ஹா பேரன் எடுத்துவிட்டார்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறோம். லெல்லா நெஜியா கடைசிமுறையாக வார்டைச் சுற்றி வந்தார். வெள்ளை மேலங்கியை முன்பே ஒப்படைத்துவிட்டதால் சாதாரண உடையில் இருந்தார். முந்தாநாள் சேர்ந்த ஒருவரின் அறை வாசலில் நின்றார். கீமோ முடிந்து வெள்ளணு இறங்கத் தொடங்கிய ஆள். தொகை குறைவு, கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அப்பாவுக்கு ஏதோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அந்த ஆளின் மனைவி, சூடான பார்லிக் கஞ்சிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. வழியை மறைச்சுக்கிட்டு! யாரைப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் இல்ல" என்றார் லெல்லா நெஜியா.

தள்ளி நின்றார். அந்தப் பெண் உள்ளே போனார்.

உடன் நடந்த இளம் மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. இவர் யார் என்று எடுத்துச் சொல்ல அடியெடுத்தவரை லெல்லா நெஜியா கையமர்த்தினார். அந்த வீட்டாருக்கு இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருந்த கதவு. அது திறக்க ஒருவர் எதைக் கொடுத்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையுமில்லை.

இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம், லெல்லா நெஜியா.

பெருந்தகையீர்! பழிச்சொல்லைப் பரிவோடு கேட்ட பொறையே! பதிலில்லாத கேள்வியைப் பாதியில் போட்டுவிடாத பெருநெஞ்சே! உங்களை ஆந்தையென்று ஏசிய வாய்கள் ஓய்ந்துவிட்டன; வாழ்த்த வேண்டிய வாய்களோ உங்கள் பெயரே அறியாமல் வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கும் சேர்த்து நாங்கள் வாழ்த்துகிறோம்.

நாளைக் காலைக் கப்பலில் தீவுக்குத் திரும்புகிறீர்கள். வழியனுப்ப எவரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் சொல்லை மீறி எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் ஹல்லூமா அதே கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டார். வழியனுப்ப அல்ல, கூடவே ஒரு வாரம் தங்கப்போகிறாராம். தடுக்க முயலாதீர்கள். அவருக்கு இருமலில்லை, காய்ச்சலில்லை, நாங்களே பார்த்துவிட்டோம். இருந்தாலும் இனி அதனால் யாருக்கும் ஒன்றுமில்லை.

வீசும் கடற்காற்று உங்கள் மூட்டு வலியைத் தணிப்பதாக! உண்ணும் ஒலிவமும் அத்தியும் உடலுக்கு உரமாவதாக! மாலைதோறும் உங்கள் வீட்டு வானொலி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல, கூடத்தில் இன்னொரு குரல் இருப்பதாக! நோயென்று எவர் வாசலிலும் நிற்காமல், நலமென்று எவர் வீட்டிலும் நுழைந்து, நரை கண்டும் திரை காணாமல், நீங்கள் நெடிது வாழ இறைவன் அருள்வானாக!

என்றும் உங்கள் நிழலில் நிற்கும்,
குருதிப் புற்றுநோய்ப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், ஆய்வுக்கூடத்தார், தூய்மைப் பணியாளர், சமையற்கூடத்தார்
ஸ்ஃபாக்ஸ்